சேஷாத்ரியின் கணக்கில் நாற்பத்து மூன்று முதுகுகள்

சேஷாத்ரி இறந்த செய்தி எக்ஸ்ரே அறை வாசலில் எனக்கு வந்தது. காலை பத்தரை மணி இருக்கும். வரிசையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். டெலிபோன் இருக்கும் அறையிலிருந்து வந்த பியூன் சாவந்த், "காதர்பாய், ஆப்கா வோ காலேஜ்வாலா தோஸ்த் குஜர் கயா" என்றான், உங்கள் காலேஜ் நண்பர் இறந்துவிட்டார் என்று. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் படிக்கட்டில், ஆபீஸ் போகிற கூட்டத்தின் நடுவே, மாரடைப்பாம். வயது நாற்பத்தாறு. நாங்கள் பேசிக்கொண்டு மூன்று வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டன. சாவந்துக்கு அது தெரியாது. அடுத்த நோயாளியை மேசையில் படுக்க வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துபோனேன். அந்தப் பெரியவர் தாமாகவே விட்டுவிட்டு, "ஹோ கயா க்யா, பேட்டா?" என்று, முடிந்ததா எனக் கேட்டார். படம் கலங்கியிருந்தது. திரும்ப எடுத்தேன்.

நம் தமிழ் மன்றத்தார் இரங்கல் கூட்டத்தில் படிக்க ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நீங்கதான் அவருக்கு நெருக்கம், நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார் செயலாளர். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. கூட்டத்தில் இருக்கப் போகிறவர்கள் எல்லாரும் அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் படித்தவர்கள், மாட்டுங்காவில் அவர் வீட்டுக் காபியைக் குடித்தவர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நல்லதை எழுதுவேன், அது நடந்தது. மற்றதையும் எழுதுவேன், அதுவும் நடந்தது.

அவரை முதலில் பார்த்தது மில் வேலைநிறுத்தம் நடந்த வருடம். செம்பூரில் நான் வேலை பார்க்கும் தர்ம ஆஸ்பத்திரிக்கு இடுப்பு வலி என்று வந்தார். இன்ஜினீயரிங் காலேஜ் வாத்தியார் என்று சீட்டில் எழுதியிருந்தது. படம் கழுவி வந்ததும், டாக்டரிடம் கொண்டுபோகாமல், என்னிடமே வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டச் சொன்னார். விரலை வைத்துக் கீழ்முதுகு எலும்புகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஆறு இருக்கே! புஸ்தகத்துல அஞ்சுன்னுதானே போட்டிருக்கு?"

"சில பேருக்கு அப்படி இருக்கும் சார். புஸ்தகம் எழுதினவருக்கு அஞ்சு இருந்திருக்கும்."

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறு வாரம் ஒரு டிபன் டப்பாவில் மைசூர்பாகுடன் வந்தார். எத்தனை விதமான முதுகுகளை நான் பார்த்திருக்கிறேன் என்று கேட்டார். பன்னிரண்டு வருடமாக முதுகுப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தாராவியில் தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்தவரின் மகன் நான், பத்தாம் வகுப்புக்கு மேல் ஒரு டிப்ளமோ. டாக்டர்கள் என்னிடம் படத்தைக் கேட்பார்கள், கருத்தைக் கேட்கமாட்டார்கள். அவர் கேட்டார். ஒரு மணி நேரம் கேட்டார். போகும்போது, "சார் கீர் வேண்டாம், சேஷாத்ரின்னு கூப்பிடு" என்றார்.

அவர் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி என்ன என்பதை எனக்கு மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் வைத்துப் புரிய வைத்தார். இட்லியைக் கத்தியால் வில்லை வில்லையாக நறுக்கினார். ஒரு பிஸ்கட், அதன் மேல் ஓர் இட்லி வில்லை, மறுபடி பிஸ்கட் என்று அடுக்கினார். பிஸ்கட்தான் எலும்பு, இட்லிதான் நடுவே இருக்கும் டிஸ்க். மேலே தண்ணீர் தம்ளரை வைத்தார். நேராக அடுக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. அடுக்கைக் கொஞ்சம் வளைத்து வைத்தார். அதே தம்ளர், அதே தண்ணீர். கீழ் இட்லி ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வந்தது. "பார்த்தியா? பாரம் ஒண்ணுதான். வளைவு வேற, அகலம் வேற, இட்லியோட தடிமன் வேற. அதனால எங்கே நசுங்கறதுங்கறதும் வேற." சர்வர் வந்து, "சாமி, சாப்பிடறதா இருந்தா சாப்பிடுங்கோ, இல்லேன்னா எடுத்துடறேன்" என்று கோபித்துக்கொண்டார். சேஷாத்ரி அந்த முதுகெலும்பு முழுவதையும் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டார்.

இதைத்தான் அவர் கம்ப்யூட்டரில் செய்தார். எலும்பையும் டிஸ்க்கையும் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டியும் பக்கத்துக் கட்டியை எவ்வளவு அழுத்துகிறது என்று கணக்குப் போட வைப்பது. அப்போது அவருடைய துறையில் பலரும் ஒரே ஒரு முதுகெலும்பின் அளவைக் கொடுத்துக் கணக்குப் போட்டு, அதையே மனித முதுகு என்று சொல்லிவந்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. "முதுகுன்னு ஒண்ணு கிடையாது காதர், முதுகுகள்தான் உண்டு" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "நாப்பது பேரோட சட்டை அளவைக் கூட்டி வகுத்தா ஒரு சட்டை வரும். அந்த நாப்பது பேர்ல ஒருத்தருக்கும் அது சேராது." அவரிடம் படித்த உங்களில் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள்.

வடாலாப் பக்கம் ஒரு தானியக் கிடங்கு. பெயர் வேண்டாம். அங்கே மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் இருக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். நூறு கிலோ மூட்டை. ஒருவர் பின் ஒருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். மூட்டையின் எடையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று யூனியன் மனுக் கொடுத்தது. தொழிலாளர் அலுவலகத்தில் நிபுணர் அறிக்கை கேட்டார்கள். சேஷாத்ரியின் காலேஜ் என்றால் இரண்டு தரப்புக்கும் சம்மதம் என்றானது. நாற்பத்து மூன்று பேர் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களைச் சம்மதிக்க வைப்பது என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை லேபர் கேம்புக்கு அழைத்துப்போனேன். சுடலைமுத்து அண்ணாச்சி வீட்டு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். அண்ணாச்சிதான் அவர்களில் மூத்தவர், பதினெட்டு வயதில் நாங்குநேரியிலிருந்து வந்து மூட்டை தூக்க ஆரம்பித்தவர். அவர் சேஷாத்ரியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏலே காதரு, படத்த எடுத்து வச்சிக்கிட்டு, ஒனக்கு முதுகு சரியில்ல வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாம்னா?"

நான் பதில் சொல்வதற்கு முன் சேஷாத்ரி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "உங்க முதுகு உங்க முதுகாவேதான் கணக்குல ஏறும். வேற ஒருத்தர் முதுகோட அதைக் கலக்கமாட்டேன். யாரையும் வீட்டுக்கு அனுப்பறதுக்கு இல்லை இது. மூட்டையைக் குறைக்கறதுக்கு."

"எழுதித் தருவியளா?"

"எழுதற அறிக்கையே அதுதான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீ சொல்லுடே, நம்பலாமா?" நம்பலாம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாற்பத்து மூன்று பேரும் வந்தார்கள். அவரை அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த ஏழெட்டு மாதங்கள் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். சேஷாத்ரியின் மனைவி லலிதா துணி உலர்த்தும் கொடியில் எக்ஸ்ரே படங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார். "நாப்பத்து மூணு பேர் வந்து தங்கியிருக்கற மாதிரி இருக்கு, யாருக்கும் காபி வேண்டாம்கறா" என்பார். ஞாயிறு மதியங்களில் நானும் சேஷாத்ரியும் சாப்பாட்டு மேசையில் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து ஒவ்வொரு எலும்பாக வரைவோம். எங்கே எலும்பின் ஓரம், எங்கே நிழல் என்று நான் சொல்வேன். வளைவு, உயரம், அகலம், சாய்வு எல்லாவற்றையும் அவர் அளந்து எழுதுவார். காலேஜ் கம்ப்யூட்டரிலிருந்து அகலமான தாள் கற்றை கற்றையாக வரும். பதினேழாம் எண் சுடலைமுத்து அண்ணாச்சி. அவருடைய கீழ்முதுகின் வளைவு ஆழம். கடைசி டிஸ்க்கில் அழுத்தம் மற்றவர்களைவிட அதிகம் என்று கணக்கு சொன்னபோது சேஷாத்ரி பென்சிலைக் கீழே வைத்தார். "இந்த மனுஷன் இத்தனை வருஷம் எப்படித் தூக்கினார்?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதியவன் ஆவேன்.

அறிக்கை தொழிலாளர் அலுவலகத்தில் படிக்கப்பட்ட அன்று சேஷாத்ரி வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதிகாரி ஆங்கிலத்தில் படித்தார். எங்கள் ஆட்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் மெதுவான குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நாற்பத்து மூன்று பேரின் அளவுகளைக் கொண்டு ஒரு சராசரி முதுகெலும்பு அமைக்கப்பட்டது. நூறு கிலோ மூட்டையை அந்த முதுகெலும்பு பாதுகாப்பாகத் தாங்கும். ஒன்பது பேரின் முதுகு பிறவியிலேயே மாறுபட்ட அமைப்பு உடையது. அவர்களுடைய வலிக்கு அந்த அமைப்பே காரணம், வேலை காரணமல்ல. அவர்கள் பாரம் தூக்கத் தகுதியற்றவர்கள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று எனக்குக் கேட்டது. நிறுத்தினேன்.

"என்னலே நின்னுட்ட? சொல்லு" என்றார் அண்ணாச்சி.

அதிகாரி எண்களைப் படித்தார். எண்ணுக்கு உரிய பெயர்கள் என் நோட்டில் மட்டும்தான் இருந்தன. அந்த நோட்டின் நகல் ஒன்றைச் சேஷாத்ரியிடம் நானே கொடுத்திருந்தேன். இப்போது அது அறிக்கையின் கடைசித் தாளாக இணைந்திருந்தது.

"பதினேழு யாருடே?"

"நீங்கதான் அண்ணாச்சி."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து, சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, "சரி, வாங்கப்பா போவோம்" என்றார். மறு வாரம் ஒன்பது பேருக்கும் கிடங்கில் வேலை இல்லை. மூட்டை அதே நூறு கிலோ.

காலேஜுக்குப் போனேன். அவர் அறைக் கதவில் துறைத் தலைவர் என்று புதிய பலகை மாட்டியிருந்தது. ஸ்க்ரூ முடுக்கிய மரத்தூள்கூட இன்னும் கீழே கிடந்தது.

"நாப்பத்து மூணு முதுகும் எங்க போச்சு? ரிப்போர்ட்ல ஒண்ணுதான் இருக்கு."

"சராசரி எடுக்கறதுதான் முறை, காதர். எல்லாரும் அப்படித்தான் எடுப்பா."

"அந்த ஒன்பது பேரு?"

"அவா அமைப்பு வேற. படத்துல இருக்கே. நீ எடுத்த படம்தானே?"

அந்தச் சொல் என்னை எங்கே போய்த் தைத்தது என்பதை எழுதத் தெரியவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அவரை மறுபடி சார் என்று கூப்பிட்டேன். "உங்களுக்கும் ஆறு எலும்பு இருக்கு சார். உங்கள யாரு வேலைய விட்டு எடுத்தா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் மூட்டை தூக்கலையே" என்றார்.

அவர் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம் அது.

அதன் பிறகு லேபர் கேம்ப் வழியாகப் போவதைத் தவிர்த்தேன். 'காதர் படம் புடிச்சுக் குடுத்தான்' என்று பேசிக்கொண்டார்கள், அதில் பொய் இல்லை. சுடலைமுத்து அண்ணாச்சி காட்கோபரில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் ஆனார். கேட்டைத் திறக்க ஸ்டூலிலிருந்து எழும்போது இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொள்வார். சேஷாத்ரிக்காக என் மனதில் ஒரு மூலையை மட்டும் விட்டு வைத்திருந்தேன். கணக்கில் ஏதோ தவறு நேர்ந்திருக்கும், அதை அவரே உண்மை என்று நம்பியிருப்பார், யாரோ அவருக்குத் தெரியாமல் வார்த்தையை மாற்றியிருப்பார்கள். இப்படி ஏதாவது ஒன்றை மாற்றி மாற்றி எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு லலிதா ஆள் அனுப்பினார். போனேன். அதே சாப்பாட்டு மேசையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. நாற்பத்து மூன்று படங்களும் உறையோடு இருந்தன. அவற்றின் அடியில் கம்ப்யூட்டர் தாள்கள், ஆளுக்கு ஒன்றாக. அதற்கும் அடியில் அவர் கையால் எழுதிய ஏழு பக்கங்கள். நான் நின்றபடியே படித்தேன். அறிக்கையின் முதல் வடிவம் அது. நாற்பத்து மூன்று முதுகுகளையும் தனித்தனியே கணக்குப் போட்டிருந்தார். இந்த மூட்டை இவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்து, வடிவம் மாறுபட்டவர்களுக்கு அந்த ஆபத்து முன்னதாக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று எழுதியிருந்தார். எடையைப் பாதியாக்கினால் நாற்பத்து மூன்று பேருமே வேலை செய்யலாம், ஒருவரையும் நீக்க வேண்டியதில்லை. சராசரி வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் ஆபத்து மறைந்துபோகும், ஆகவே இந்த அறிக்கையில் அதைப் பயன்படுத்தக் கூடாது. கடைசி வாக்கியத்துக்கு அடியில் அவரே கோடு போட்டிருந்தார்.

"நான் படிச்சேன். அதனாலதான் கூப்பிட்டேன்" என்றார் லலிதா. "அந்தக் கிடங்கு முதலாளி காலேஜ் நிர்வாகக் கமிட்டியில இருந்தார். ஒருநாள் இவரைக் கூப்பிட்டுப் பேசினா. வந்து ஒண்ணும் சொல்லலை. அடுத்த மாசம் ஹெட் ஆயிட்டேன்னார். அன்னிக்கு நான் பாயசம் வெச்சேன், காதர். எதுக்குன்னு தெரியாமலே வெச்சேன்."

சேஷாத்ரிக்குத் தெரியும். எல்லாம் தெரிந்து, சரியாக எழுதி, கோடும் போட்டு, பிறகு அதை எடுத்து ஒளித்துவிட்டு மற்றதைக் கொடுத்திருக்கிறார். மூன்று வருடங்களாக நான் காப்பாற்றி வைத்திருந்த அந்த மூலையை அந்த மேசை முன்னால் இழந்தேன். அவர் இறந்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. துக்கம் என்று நினைத்து லலிதா தண்ணீர் கொண்டுவந்தார். அது துக்கம் மட்டும் இல்லை.

மறுநாள் காட்கோபர் போனேன். சுடலைமுத்து அண்ணாச்சி என்னைக் கண்டதும் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். நான் உட்காராமல் அந்த ஏழு பக்கங்களையும் தமிழில் சொன்னேன்.

"அப்போ எம் முதுகுல கோளாறு இல்லையாடே?"

"உங்க முதுகு உங்க மாதிரி இருக்கு அண்ணாச்சி. மூட்டதான் கோளாறு."

"பொறவியிலேயே கெட்ட முதுகுன்னாம்லா? எங்கப்பன் முதுகும் அப்பிடித்தான் இருந்திருக்கும், எம் மவனுக்கும் அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன். பயலுக்கு போர்ட்ல, கப்பல் சரக்கு தூக்குத வேல வந்துது. போவாதலேன்னு தடுத்துட்டேன். அவன் இன்னும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசமாட்டேங்கான்." சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "செத்தவர வையக் கூடாது. ஆனா என்னத்துக்கு காதரு அவரு எம் பக்கத்துல வந்து தரையில உக்காந்தாரு? நாற்காலியில இருந்தே சொல்லியிருக்கலாம்லா?"

உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்த அஞ்சலி அழகாக முடியும். என்னால் எழுத முடியவில்லை. அவர் என்னை மதித்து முதல் கேள்வி கேட்டவர். என் சொல்லை நம்பி வந்தவர்களிடம் என்னைப் பொய்யன் ஆக்கியவரும் அவரே. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. ஆகையால் அவருடைய நினைவாக நான் வைத்திருப்பது அந்த ஏழு பக்கங்களை மட்டும்.

அவற்றை யூனியன் வக்கீலிடம் காட்டினேன். தொழிலாளர் அலுவலகத்தின் பழைய தீர்மானத்தை மறுபடி பார்க்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். அடுத்த மாதம் விசாரணை. தாள்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் எதிலும் கையொப்பம் போடவில்லை. லலிதா வந்து சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். மனைவி சொல்வது மட்டும் போதாது, கூட வேலை பார்த்தவர்கள் வேண்டும் என்கிறார் வக்கீல். அந்த எழுத்தைக் கரும்பலகையில் வருடக்கணக்காகப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கிடங்கு முதலாளி இன்னும் அதே கமிட்டியில்தான் இருக்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில் நிற்பேன், தாள்கள் என் பையில் இருக்கும். பார்த்துவிட்டு, விசாரணைக்கு வந்து மூன்று வார்த்தை சொன்னால் போதும்: இது சேஷாத்ரி எழுதியது.